சந்தனமாரியின் கையில் விளைந்த உப்பு

பனையந்துறையில் உப்பு விளையாத இடம் என்று ஒன்று கிடையாது, பாத்தியில் விளையும், வரப்பில் விளையும், காயப்போட்ட சேலையின் மடிப்பில் விளையும், உச்சிப்பொழுது தாண்டினால் ஆண்களின் முதுகில் வெள்ளைக் கோடாக விளையும், அதனால் ஒரு பங்குனி மாதத்து முற்பகலில் சந்தனமாரியின் உள்ளங்கையில் ஒரு பிடி உப்பு விளைந்தபோது நாங்கள் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை; தங்கப்புஷ்பத்தின் கால்வலி நின்றுபோனதைத்தான் எங்களால் நம்ப முடியவில்லை.

நடந்தது இதுதான். தங்கப்புஷ்பத்துக்கு வலது கால் பெருவிரலுக்கு அடியில் உப்புத் தண்ணீர் அரித்த புண் ஒன்று இரண்டு மாதமாக ஆறாமல் கிடந்தது, அன்று அவளால் நிற்க முடியவில்லை, உப்பு வாரும் பலகையைப் பாத்தியிலேயே போட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்து வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள். அடுத்த பாத்தியில் நின்ற சந்தனமாரி வந்து அவள் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தாள். சந்தனமாரிக்கு அப்போது முப்பத்து நான்கு வயது, பத்தாம் வகுப்பு வரை படித்தவள், லாரிக்கு மூட்டை ஏற்றும் மாசானத்தின் மனைவி, அன்றுவரை அவளைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை பேச எங்களுக்கு எந்தக் காரணமும் இருந்ததில்லை.

"காலை இங்க நீட்டுங்க யக்கா, பாப்போம்," என்று சொல்லி அந்தக் காலை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தாள். கொஞ்ச நேரம் பிடித்திருந்தாள். கையை எடுத்தபோது உள்ளே உப்பு இருந்தது. எங்கள் உப்பு போல வெள்ளை இல்லை, சாம்பல் நிறம், கொஞ்சம் ஈரம், தொட்டால் உடம்புச் சூடு.

"ஏட்டி, வலியைக் காணோமே," என்றாள் தங்கப்புஷ்பம், பஸ்ஸில் பையைத் தொலைத்தவள் போலச் சுற்றும் முற்றும் பார்த்துக்கொண்டு.

"புண் அப்படியே இருக்கே யக்கா."

"புண் இருக்கு. வலிதான் இல்லை."

அந்த உப்பை அங்கேயே கொட்டியிருந்தால் எங்களுக்கும் ஒன்றும் தோன்றியிருக்காது. கொட்டாமல் அவள் அதை முந்தானை நுனியில் முடிந்துகொண்டாள், முடிச்சோடு சாயங்காலம் வரை வேலை செய்தாள், முடிச்சோடு வீட்டுக்குப் போனாள், அதை உப்பளத்தில் நின்ற நாற்பது பேரும் பார்த்தோம், விளக்கு வைப்பதற்குள் ஊர் முழுக்க ஒரே கேள்வியாக இருந்தது: அடுத்தவள் வலியை இவள் எதற்காக வீட்டுக்குக் கொண்டுபோகிறாள்?

கேள்வி இருந்ததே தவிர, மறுநாள் காலையில் அவள் வீட்டு வாசலில் ஒன்பது பேர் நின்றார்கள். அடுத்த வாரம் முப்பது பேர். முதுகு பிடித்தவர்கள் வந்தார்கள், பல் வலிக்காரர்கள் வந்தார்கள், வெயிலில் கண் கூசிக் கூசித் தலை பிளக்கிறவர்கள் வந்தார்கள், பிரசவம் முடிந்து ஆறு மாதமாகியும் இடுப்பை நிமிர்த்த முடியாத பெண்கள் வந்தார்கள், எல்லோரையும் அவள் தொட்டாள், எல்லோரிடமிருந்தும் உப்பு வந்தது. தலைவலி மாவுபோல நைசாக வந்தது, மூட்டுவலி கல் உப்பாக வந்தது, சிறுநீரகக் கல்காரருடையது முனை முனையாக வந்து அவள் தோலைக் கிழித்தது, பல்வலி மட்டும் ஒரே ஒரு பரல், பட்டாணி அளவு, ஆனால் மற்ற எல்லாவற்றையும்விடச் சூடு.

அவள் காசு வாங்கவில்லை. அதுதான் எங்களை அதிகம் பயமுறுத்தியது. காசு வாங்குகிறவனுக்கு என்ன வேண்டும் என்று நமக்குத் தெரியும், ஒன்றும் வாங்காதவளுக்கு என்ன வேண்டும் என்று யாருக்குத் தெரியும்? அதனால் முன்வாசல் வழியாக வலியைக் கொடுத்துவிட்டு, பின்பக்கம் வேலிக்கு இந்தப்புறம் நின்று அவள் அதை என்ன செய்கிறாள் என்று பார்த்தோம். அவள் வீட்டில் தண்ணீர் குடிக்கவில்லை. பிள்ளைகளை அவள் தெருவில் விளையாட விடவில்லை. யாருக்காவது புதிதாக வலி வந்தால், அது சொந்த வலிதானா அல்லது வேறு யாருடையதையாவது இவள் நம்மீது தூவிவிட்டாளா என்று யோசித்தோம், யோசித்துவிட்டு, அதை எடுக்கச் சொல்லி அவளிடமே போனோம்.

அளத்தில் கங்காணியாக இருந்த சேர்மத்துரை அண்ணாச்சி முதல் நடவடிக்கை எடுத்தார். அம்பாரம் அம்பாரமாகக் குவிந்து கிடக்கும் உப்பில் இவள் ஒரு பிடியைக் கலந்துவிட்டால் அது எந்த ஊர்ச் சமையலில் போய் யார் வயிற்றைப் பிடிக்கும் என்று சொல்ல முடியாது, வியாபாரிகள் காதுக்குப் போனால் பனையந்துறை உப்பை மாடுகூட நக்காது என்று சொல்லி அவளை வேலைக்கு வர வேண்டாம் என்றார். அந்த வருஷம் கோவில் கொடைத் திருவிழாவில் பொங்கல் வைக்க டவுனிலிருந்து பாக்கெட் உப்பு வாங்கி வந்தோம். வீடுகளில் உப்புச் சாடியைப் பெண்கள் பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் உப்பு வெள்ளையாகக் கிடக்க, நாங்கள் உப்பைக் கடையில் வாங்கித் தின்றோம், அதில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

அவள் அந்த உப்பை என்ன செய்தாள் என்பது மாசானம் மூலமாகத்தான் வெளியே வந்தது. மாசானத்துக்கு எதையும் மறைக்கத் தெரியாது. ஒருநாள் மூட்டை தூக்க வந்தவன் வலது காலை இழுத்து இழுத்து நடந்தான், லாரிக்காரர்கள் என்னவென்று கேட்டார்கள்.

"கஞ்சிக்கு உப்புப் பத்தலைன்னு அலமாரியில இருந்த பாட்டில்ல ஒரு சிட்டிகை எடுத்துப் போட்டுட்டேன்," என்றான் மாசானம். "அது நம்ம கங்காணியோட முட்டுவலி. சத்தியமா அவருடையதேதான். மாடி ஏறினா அந்த இடத்துலதான் பிடிக்குன்னு அவர் சொல்லுவார்லா, அதே இடம்."

"பாட்டிலா? எத்தனை பாட்டில்?"

"சுவர் நிறைய இருக்கு. ஊறுகாய் பாட்டில், மருந்து பாட்டில், என்னல்லாம் கிடைக்கோ அதுல போட்டு, மேல பேர் எழுதி ஒட்டி வச்சிருக்கா."

ஆக அவள் எங்கள் வலிகளைப் பெயர் எழுதி வைத்திருக்கிறாள். அதைத் தின்கிறவர்களுக்கு அந்த வலி வந்துவிடும். இந்த இரண்டும் தெரிந்த பிறகு பனையந்துறையில் யாரும் சந்தனமாரியை முகத்துக்கு நேரே பகைத்துக்கொள்ளவில்லை, எல்லோரும் அவளைப் பார்த்துச் சிரித்தோம், குழாயடியில் அவள் குடத்தை முதலில் வைக்கச் சொன்னோம், மனதுக்குள் ஒவ்வொருவரும் நம் பாட்டிலை எப்படித் திரும்ப வாங்குவது, வாங்கி எங்கே போடுவது என்று கணக்குப் போட்டோம்.

ஏன் வைத்திருக்கிறாய் என்று மாசானம் அவளைக் கேட்டானாம். "ஒவ்வொருத்தரும் எம்புட்டு நாள் பட்டது," என்றாளாம் அவள். "குப்பையிலயா கொட்டச் சொல்லுதீக?" அவ்வளவுதான் காரணம். இதை அவன் டீக்கடையில் சொன்னபோது ஒருத்தரும் நம்பவில்லை.

எங்களைத் தவிர இன்னொருத்தியும் அவளைச் சந்தேகப்பட்டாள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸாக இருந்த பெல்சியா, நாகர்கோவில் பக்கத்துக்காரி, எட்டு வருஷமாக எங்கள் ஊருக்கு ஊசி போட்டவள். அந்த வருஷம் சித்திரை மாதத்தில் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார ஆளில்லாமல் போனது, பின்பக்க அறையில் சித்த மருத்துவர் காய்ச்சி வைத்த தைலம் எடுப்பாரில்லாமல் கிடந்தது. பெல்சியா ஒரு காலையில் குடையைப் பிடித்துக்கொண்டு நடந்தே சந்தனமாரியின் வீட்டுக்கு வந்தாள். நாங்கள் வேலிக்குப் பின்னால் நின்றோம். இவளும் பாட்டிலைப் பற்றித்தான் கேட்பாள் என்று நினைத்தோம். அவள் பாட்டில் பக்கம் திரும்பவே இல்லை.

"தங்கப்புஷ்பத்துக் காலை நீங்க கடைசியா எப்போ பாத்தீங்க?" என்று கேட்டாள்.

"பங்குனியில பாத்தேன் சிஸ்டர். வலி போனபிறகு அவுக வரலை."

"வலி இல்லைன்னு அந்தக் காலோட தினமும் உப்புத் தண்ணியில நிக்காங்க. நேத்து பஸ்ஸுல பாத்தேன், விரல் நிறம் மாறிக் கிடக்கு. வாங்கன்னா வரமாட்டேங்காங்க, எனக்கு வலிக்கலியே நான் எதுக்கு வரணும்னு கேக்காங்க. நீங்க வலியை எடுத்தீங்க, சரி. நோயை எடுத்தீங்களா?"

சந்தனமாரிக்கு முகம் சிவந்துபோனது. "உங்க ஆஸ்பத்திரிக்கு ஆள் வரலைன்னு வந்து பேசுதீக."

"ஆள் வராததுக்கும் சேர்த்துத்தான் பேசுதேன்," என்றாள் பெல்சியா. குடையை விரித்துக்கொண்டு போய்விட்டாள். எங்களுக்கு அன்றைக்கு அவளையும் சந்தேகமாகத்தான் இருந்தது, கூட்டம் குறைந்த எரிச்சல் என்று பேசிக்கொண்டோம், இந்த ஒரு விஷயத்தில் சந்தனமாரியும் நாங்களும் ஒரே பக்கம் நின்றோம்.

ஆரம்பத்தில் முட்டுவலியைக் கொடுத்துவிட்டுப் போன சேர்மத்துரை அண்ணாச்சி வைகாசி மாதம் மறுபடி அவளிடம் வந்தார். அவளை வேலையை விட்டு நிறுத்தியவர், ஊரில் எல்லோருக்கும் முன்னால் அவளை ஏசியவர், ஒரு சாயங்காலம் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பின்வாசல் வழியாக வந்து, நெஞ்சின் நடுவில் ஏதோ அமுக்குகிறது, இடது தோளுக்குப் போகிறது, தாடை வரைக்கும் ஏறுகிறது என்றார். அவள் பழைய கோபம் எதையும் காட்டாமல் நெஞ்சில் கை வைத்தாள். வந்த உப்பு இதுவரை அவள் பார்த்த எந்த உப்பு போலவும் இல்லை, ஊசி ஊசியாக, கண்ணாடி போல மினுங்கியது. நான்கு நாளில் திரும்ப வந்தார், அவள் எடுத்தாள். மறுபடி மூன்றாம் நாள் வந்தார், எடுத்தாள். ஒவ்வொரு முறையும் அவர் நிமிர்ந்து, இருபது வயது குறைந்துவிட்டது போலப் போனார். நான்காம் முறை வரவில்லை. ஒரு வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, அளத்தில் டீ குடித்துக்கொண்டு நின்றவர், ஏதோ சொல்ல வாயைத் திறந்து, முகத்தில் எந்த வேதனையும் இல்லாமல், டம்ளரில் இருந்த டீயைக்கூடச் சிந்தவிடாமல் வரப்பில் உட்கார்ந்து செத்துப்போனார்.

அவருடைய மனைவி ராஜகனி மார்பில் அடித்துக்கொண்டு அழவில்லை. பிணத்தை எடுத்து முடித்த மூன்றாம் நாள் சந்தனமாரியின் வாசலுக்கு வந்து தெருவில் நின்றாள், அவளுக்குப் பின்னால் நாங்கள் எல்லோரும் நின்றோம்.

"என் வீட்டுக்காரருக்கு நீ என்ன செஞ்ச?" என்று கேட்டாள்.

"வலிக்குன்னாவ, எடுத்தேன் மைனி."

"வலிச்சிருந்தா ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பாவ. என்னிட்டச் சொல்லியிருப்பாவ. உன்னிட்ட வந்ததுனால ஒரு வார்த்தை எனக்குச் சொல்லாமப் போயிட்டாவ."

அவ்வளவு சொல்லிவிட்டு ராஜகனி திரும்பிப் போனாள். நாங்கள் போகவில்லை. பாட்டில்களைக் கொண்டுவா என்று கத்தினோம். அவள் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வாசலில் வரிசையாக வைத்தாள், இருநூறுக்கு மேல் இருந்தது, வெயிலில் எல்லாம் மினுங்கியது, அதுவரை கத்திய நாங்கள் நான்கு அடி பின்னால் நகர்ந்தோம். கடலில் கொட்டலாம் என்றான் ஒருத்தன், அதை மீன் தின்று அந்த மீனை நாம் தின்போமே என்றாள் ஒருத்தி. மண்ணில் புதைத்தால் நிலத்தடித் தண்ணீரில் இறங்கும், பிறகு அதைத்தான் பம்ப் போட்டுப் பாத்திக்கு இறைப்போம். எரிக்கலாமென்றால் உப்பு எரியாது. பேசிப் பேசி மதியமானது, வெயில் தாங்கவில்லை, ஒவ்வொருவராகக் கலைந்தோம், பாட்டில்கள் இருந்த இடத்திலேயே இருந்தன, அவளே அவற்றைத் திரும்ப உள்ளே எடுத்து வைத்தாள்.

அதற்குப் பிறகு வீட்டுக்குள் நடந்ததை மாசானம் ரொம்ப நாள் கழித்துத்தான் எங்களுக்குச் சொன்னான். அவள் சேர்மத்துரையின் நெஞ்சுவலிப் பாட்டிலை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு மதியம் முழுக்க உட்கார்ந்திருந்தாள். பிறகு அதில் ஒரே ஒரு ஊசியை எடுத்து நாக்கில் வைத்தாள். மாசானம் பிடுங்க ஓடி வருவதற்குள் அவள் சுவரில் சாய்ந்துவிட்டாள், உடம்பெல்லாம் வியர்த்துக் கொட்டியது, ஒரு கையால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மறு கையால் தரையை அறைந்தாள், கால்மணி நேரம் கழித்து மூச்சு வந்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை, "இது கதறியிருக்கு" என்பதுதான்.

"எது?"

"அவுக வலி. போ, போ, யாரையாவது கூப்பிடுன்னு கதறியிருக்கு. நான் அது வாயைப் பொத்திப் பொத்திப் பாட்டில்ல அடைச்சிருக்கேன்."

மறுநாள் காலையில் பெல்சியா ஆஸ்பத்திரிக் கதவைத் திறக்க வந்தபோது சந்தனமாரி படியில் உட்கார்ந்திருந்தாள்.

"நீங்க அன்னைக்குக் கேட்டதுக்கு நான் பதில் சொல்லலை சிஸ்டர்," என்றாள். "நோயை எடுக்கலை. வலியை மட்டும்தான் எடுத்தேன்."

பெல்சியா சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நம்பலாமா என்று அவளைப் பார்த்தாள், பிறகு கதவைத் திறந்து, "முதல்ல அந்தக் காலுக்குப் போங்க. மத்ததெல்லாம் பிறகு பேசலாம்," என்றாள்.

சந்தனமாரி தங்கப்புஷ்பத்தின் பாட்டிலோடு அவள் வீட்டுக்குப் போனாள். வழி நெடுக நாங்கள் கதவிடுக்கில் பார்த்தோம். தங்கப்புஷ்பம் கட்டிலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள், காலில் பழைய துணியைச் சுற்றியிருந்தாள், அந்த வீட்டுக்குள் ஒரு வாடை இருந்தது, அவளுக்கு அது பழகிப்போயிருந்தது.

"உங்க வலியைக் கொண்டு வந்திருக்கேன் யக்கா. இதைத் தின்னுட்டு என்கூட ஆஸ்பத்திரிக்கு வாங்க."

"கங்காணியை முடிச்சாச்சு, அடுத்து நானா?"

"கால் அழுகுது யக்கா."

"அழுகினா வலிக்காதா? எனக்கு ஒண்ணும் இல்லை. நீ எந்திரிச்சுப் போ."

"வலிக்கும். அது இங்க இருக்கு," என்று சந்தனமாரி பாட்டிலைக் காட்டினாள். தங்கப்புஷ்பம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இதில் விஷம் இருக்கிறது என்றாள், கடைத்தெருவில் எல்லோரும் சொல்கிறார்கள் என்றாள், மகளைக் கூப்பிட்டு இவளை வெளியே அனுப்பச் சொன்னாள். அப்போது சந்தனமாரி மூடியைத் திறந்து, பாதியை உள்ளங்கையில் கொட்டி, அம்மாவும் மகளும் பார்க்கத் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

அவள் விழுந்தது இடது பக்கமாக. வலது காலைத் தரையில் வைக்க முடியாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முந்தானையைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டு, பெருவிரலின் அடியை அமுக்கி அமுக்கி அழுதாள். தங்கப்புஷ்பம் கீரையை அப்படியே கையில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்தாள். அப்படி அழுதது யார் என்று அவளுக்குத் தெரியும். அந்த இடத்தைத்தான் அவள் அமுக்குவாள், அப்படித்தான் குதிகாலைத் தூக்குவாள், அந்த வலி சுண்டி இழுத்து முழங்கால் வரைக்கும் ஏறும்போது அந்த மாதிரிதான் அவளுக்குக் கண் மேலே போகும். ரொம்ப நாள் வீட்டை விட்டுப் போயிருந்த ஒருத்தியைத் தெருவில் பார்த்தது போல இருந்தது என்று பின்னால் எங்களிடம் சொன்னாள்.

"போதும்டி," என்றாள். "மிச்சத்தை இங்க தா."

அன்று ஆட்டோவில் ஏறும்போது அவள் போட்ட அலறலில் அளத்தில் நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். பெல்சியா சர்க்கரை பார்த்து, புண்ணைப் பார்த்து, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். இரண்டு விரலை எடுக்க வேண்டியிருந்தது. கால் தங்கியது. இன்னும் பத்து நாள் விட்டிருந்தால் முழங்காலுக்குக் கீழே ஒன்றும் இருந்திருக்காது என்று டாக்டர் சொன்னாராம். இருபத்தைந்து நாள் சந்தனமாரி அவள் கட்டில் பக்கத்தில் தரையில் படுத்தாள், அந்த இருபத்தைந்து நாளில் ஒருமுறைகூட வலியை எடு என்று தங்கப்புஷ்பமும் கேட்கவில்லை, எடுக்கட்டுமா என்று இவளும் கேட்கவில்லை, கட்டு மாற்றும்போது மட்டும் இவள் கையை அவள் பிடித்துக்கொண்டாள், உப்பில்லாத வெறும் கையை.

அதன் பிறகு அவள் வீடு வீடாகப் போனாள். மற்ற பாட்டில்களை ஒரு தள்ளுவண்டியில் அடுக்கி, மாசானம் தள்ள, அவள் முன்னால் நடந்து, பெயரைப் படித்து, வாசலில் நின்று, "உங்களுடையது. இதைச் சாப்பிட்டுட்டு ஆஸ்பத்திரியில போய் எங்க வலிக்குன்னு சொல்லுங்க," என்றாள். நாங்கள் எல்லோருமே நல்லவர்களாக அதை வாங்கிக்கொண்டோம் என்று சொல்ல முடியாது. சிலர் கதவைத் திறக்கவில்லை. சிலர் வாங்கி முருங்கை மரத்தடியில் வைத்துவிட்டு, அந்த மரத்தில் காய் பறிப்பதை நிறுத்திக்கொண்டார்கள். ஒரு மேஸ்திரி தன் தலைவலியைத் தின்றுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார், கண்ணாடி போடச் சொன்னார்கள், போட்டார், தலைவலி நின்றது. இரண்டு பெண்களின் இடுப்புவலிக்குச் சித்த மருத்துவர் தைலம் கொடுத்து, குனிந்து உப்பு அள்ளும் விதத்தை மாற்றச் சொல்லி, ராத்திரி என்ன சாப்பிடுகிறாய், எத்தனை மணி நேரம் தூங்குகிறாய், வீட்டில் உனக்குக் கூடமாட யார் என்றெல்லாம் கேட்டார், தைலம் பாதி வேலை செய்தது, கேட்டது மீதி வேலை செய்தது. ஒருத்தருக்கு ஒன்றும் சரியாகவில்லை, அவர் இன்றுவரை சந்தனமாரியைத் திட்டிக்கொண்டிருக்கிறார், அதிலும் நியாயம் இருக்கிறது.

அவள் அந்த ஆடியில் டவுனில் நர்சிங் உதவியாளர் பயிற்சியில் சேர்ந்தாள். பதினெட்டு வயதுப் பிள்ளைகளோடு முதல் வரிசையில் உட்கார்ந்து ஒரு வருஷம் படித்தாள், எலும்புகளின் பெயரை மாசானம் மூட்டை ஏற்றும்போது அவன் முதுகைப் பார்த்து மனப்பாடம் செய்தாள். பயிற்சி முடிந்து எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே வந்தாள். அவள் கையில் உப்பு விளைவது நிற்கவில்லை, ஆனால் அவள் அதை அடக்கப் பழகியிருந்தாள்; டாக்டர் பார்த்து, பெரிய ஆஸ்பத்திரியும் பார்த்து, இனி செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று அனுப்பிய புற்றுநோய்க்காரர்களுக்கு மட்டும், அவர்கள் கேட்டால் மட்டும், எடுத்தாள். அப்போதும் முழுக்க எடுக்கமாட்டாள். எவ்வளவு வேண்டும் என்று கேட்பாள். பேரன் வரும்வரை நினைவு இருக்கிற அளவுக்கு விட்டுவை என்று ஒரு மீனவர் சொன்னார், அப்படியே செய்தாள்.

நாங்கள் அவளை நம்பினோம் என்று சொன்னால் அது பொய். பெஞ்சில் உட்கார்ந்து அவள் கையையே பார்த்துக்கொண்டிருப்போம். நாடி பிடித்துவிட்டுக் கையை எடுத்ததும் உள்ளங்கையைத் திருப்பிக் காட்டச் சொல்வோம், அவளும் கோபப்படாமல் திருப்பிக் காட்டுவாள்.

ராஜகனி மட்டும் அந்தப் படியை மிதிக்கவில்லை. சேர்மத்துரை செத்து இரண்டு வருஷம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை காலையில், முகம் வெளுத்துப்போய், சுவரைப் பிடித்து நடந்து வந்தாள். பெல்சியா அன்று தடுப்பூசி முகாமுக்குப் போயிருந்தாள், டாக்டர் வர ஒரு மணி நேரம் இருந்தது. இருந்தது சந்தனமாரி ஒருத்திதான். பெஞ்சில் இருந்த நாங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தோம்.

"நீ என்னைத் தொடக்கூடாது," என்றாள் ராஜகனி.

"தொடலை மைனி. உக்காருங்க."

சந்தனமாரி மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாள். இரண்டு கையையும் மேஜைமேல், ராஜகனி பார்க்கிற மாதிரி வைத்தாள். "எங்க வலிக்கு?" என்று கேட்டாள். மேல் வயிற்றில். எப்போதிருந்து? நாலைந்து மாதமாக. எந்த நேரம் அதிகம்? விடியக்காலம். எதையாவது சாப்பிட்டால் குறையுமா? பால் குடித்தால் கொஞ்சம் குறையும். ராத்திரி என்ன சாப்பிடுகிறீர்கள்?

ராஜகனி ஜன்னல் பக்கம் திரும்பினாள். வெளியே லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"ராத்திரி சமைக்கதில்லை," என்றாள் ராஜகனி கடைசியில். "அவுக போனதிலிருந்து."

"மூட்டுக்கு ஏதாவது மாத்திரை போடுதீகளா?"

"கடையில தாரான். தினமும் ரெண்டு."

"வெறும் வயித்துலயா?"

"பின்ன?"

"வெளிக்கிப் போனா எப்படி இருக்கு மைனி? கறுப்பா, தார் மாதிரி இருக்கா?"

ராஜகனி அவளை நிமிர்ந்து பார்த்தாள், இதை எப்படிக் கண்டுபிடித்தாள், தொடாமலே எதையாவது எடுக்கிறாளா என்று அந்தப் பார்வையில் இருந்தது, எங்களுக்கும் அதே எண்ணம்தான். பிறகு தலையை ஆட்டினாள். சந்தனமாரி எல்லாவற்றையும் சீட்டில் எழுதினாள், இன்னும் கேட்டாள், தூக்கம் எப்படி, தலை சுற்றுகிறதா, வீட்டில் கூட யார் படுக்கிறார்கள், அரை மணி நேரம் கேட்டாள். டாக்டர் வந்து அந்தச் சீட்டைப் படித்துவிட்டு, வயிற்றுப்புண்ணில் ரத்தம் கசிகிறது என்று சொல்லி, கடை மாத்திரையை அன்றோடு நிறுத்தச் சொல்லி, பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்து, நல்லவேளை இப்போது வந்தீர்கள் என்றார்.

ஆட்டோ வரும்வரை ராஜகனி மறுபடி அந்த மேஜை முன்னாலேயே உட்கார்ந்தாள்.

"இம்புட்டுக் கேக்கத் தெரியுதுல்லா உனக்கு," என்றாள். "அவுகளிட்டயும் இப்படிக் கேட்டிருக்கலாம்."

"கேட்டிருக்கணும் மைனி."

ராஜகனி மேற்கொண்டு ஏதாவது வரும் என்று காத்திருந்தாள், அழுகையோ சமாதானமோ, எது வந்தாலும் எதிர்த்துச் சொல்ல அவள் இரண்டு வருஷமாகப் பதில் சேர்த்து வைத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. சந்தனமாரியின் கண் கலங்கியிருந்தது, அதைத் துடைக்கக்கூட அவள் மேஜையிலிருந்து கையை எடுக்கவில்லை.

ஆட்டோ வந்தது. ராஜகனி எழுந்து, சீட்டை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, வாசல்வரை போய் நின்றாள்.

"மருந்து முடிஞ்சா இங்கதான வரணும்?"

"ஆமா. செவ்வாய்க்கிழமை வாங்க."

"அன்னைக்கு நீ இருப்பியா, அந்த நர்ஸம்மா இருப்பாளா?"

"ரெண்டு பேரும் இருப்போம்."

ராஜகனி ஒரு படி இறங்கித் திரும்பினாள்.

"நீயே இரு," என்றாள். "ஆனா தொடக்கூடாது."